புகை சென்று சேரும் இடம்

நீரும் காற்றும் எல்லார்க்கும் பொது என்பது ஏட்டிலுள்ள அறம். அதனையும் போராடிப் பெறவேண்டிய நிலையில் வைக்கப்பட்டோர் நாம். 1927 மார்ச்சு 20ஆம் நாள் மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகியது அவ்வுரிமையை நிலைநாட்டவே. அதே உரிமை வினா, அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே மண்ணையும் காற்றையும் பற்றி எழுந்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

1978இல் வட கரோலினா மாநிலத்தின் சாலையோரங்களில், மின்மாற்றிகளில் பயன்பட்ட நச்சு எண்ணெயைச் சிலர் களவாகக் கொட்டிச் சென்றனர். அந்த நச்சு மண்ணைப் புதைக்க அரசு தேர்ந்த இடம், கறுப்பின மக்கள் பெரும்பான்மையராக வாழ்ந்த வாரன் மாவட்டம். 1982இல் மண் ஏற்றிய வண்டிகளை மறித்து மக்கள் சாலையில் படுத்தனர். 500க்கும் மேற்பட்டோர் கைதாயினர். புதைப்பதைத் தடுக்க இயலவில்லை. ஆயினும் போராட்டம் வீண்போகவில்லை. நச்சுக் கழிவு எங்கே சேரும் என்பதை, வருவாயினும் இனமே பெரிதும் முடிவு செய்கிறது என்று 1987இல் திருச்சபை ஒன்றின் ஆய்வு மெய்ப்பித்தது. எளிய மக்கள்மீது இத்தகைய சுமை மிகுதியாக விழுவதைக் களையுமாறு 1994இல் அதிபர் கிளின்டன் அரசுத் துறைகளுக்கு ஆணையிட்டார்.

இனி, நம் காலத்து எந்திரத்தைக் காண்போம். செயற்கை நுண்ணறிவு வானத்தில் இயங்குவதன்று. தரவு மையங்களில் எண்ணற்ற கணிப்பொறிகள் இரவும் பகலும் ஓட மின்சாரமும், அவற்றின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரும் வேண்டும். 2024இல் உலகத் தரவு மையங்கள் அனைத்தும் நுகர்ந்த மின்சாரம் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் எனப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டுள்ளது.

அவ்வாண்டே எக்ஸ்ஏஐ நிறுவனம் மெம்பிசு நகரில் பெருங்கணிப்பொறி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. 1968இல் துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநிற்கச் சென்ற மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு மாண்ட நகர் அது. நிலையத்தை அடுத்துள்ள பாக்சுடவுன், அடிமைத்தளையினின்று விடுபட்டோர் சரக்கு இரயில் பெட்டிகளின் பலகைகளால் வீடுகட்டிக் குடியேறிய ஊர். மின்தேவைக்கென எரிவாயுச் சுழலிகள் ஆங்கே நிறுவப்பட்டன. அவை தற்காலிகமானவை; 364 நாட்கள் வரை அனுமதி வேண்டா என்றனர் அதிகாரிகள். இது 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்துக்கு முரணானது என்று, 2025 சூனில் கறுப்பின மக்களின் தேசியச் சங்கம் வழக்கு முன்னறிவிப்பு விடுத்தது. சூலையில் 15 சுழலிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. 1994ஆம் ஆண்டு ஆணையோ அவ்வாண்டு சனவரியிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? ஆட்சியாளர் ஆணையால் வந்தது ஆணையாலேயே போயிற்று. மன்றம் இயற்றிய சட்டம் எஞ்சி நின்றது. எனினும் அதனைப் படித்தறிந்து எடுத்துரைப்போர் இல்லையேல் அதுவும் வெறுந்தாளே. நம் நாட்டில், மாசற்ற நீரும் காற்றும் அரசியல் சட்டத்தின் 21ஆம் விதி காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்துள்ளது. நாளை நம் குடியிருப்பின் அருகே இத்தகைய நிலையம் எழுமாயின், அறிவிக்கையைப் படித்து, உரிய நாளுக்குள் மறுப்புரை எழுதவல்ல ஒருவரேனும் நம் ஒவ்வொரு தெருவிலும் இருத்தல் வேண்டும். 25 ஆண்டுகளாக நம் கழகம் கல்வி புகட்டி வருவது வேலைவாய்ப்புக்கு மட்டுமன்று, இதற்காகவும்தான்.