மேய்ச்சல் உரிமை காத்த மேட்டுநிலம்

இலண்டன் மாநகரின் வடபால், நெருங்கிய வீதிகளுக்கும் வீட்டு வரிசைகளுக்கும் நடுவே, ஏறத்தாழ 790 ஏக்கர் பரப்பில் ஒரு திறந்த வெளி கிடக்கின்றது. ஹேம்ஸ்டெட் ஹீத் என்பது அதன் பெயர். ஹீத் என்னும் ஆங்கிலச் சொல், புல்லும் முட்புதரும் மண்டிய, உழவுக்கு உதவாத நிலத்தைக் குறிக்கும். அந்நகரின் ஹைடு பூங்கா அரச குடும்பத்தாரின் வேட்டைக்காடாக இருந்து மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஹீத்தோ எவரும் மனமுவந்து அளித்த கொடையன்று. வழக்காடியும் பொருள் திரட்டியும் மக்கள் சிறிது சிறிதாக மீட்ட நிலம்.

1821ஆம் ஆண்டில் சர் தாமஸ் மேரியன் வில்சன் என்பார் அப்பகுதியின் நிலக்கிழார் ஆனார். தந்தையார் எழுதிவைத்த உயில் அவர் கைகளைக் கட்டியிருந்தது. நிலத்தின் பயனை வாழ்நாள் முழுதும் அவர் நுகரலாம்; ஆனால் 21 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடலாகாது. இருபத்தோராண்டுக் குத்தகையை நம்பி வீடு கட்ட எவர் முன்வருவர்? எனவே, உயிலின் தடையை நீக்கும் சட்டம் வேண்டி 1829இல் அவர் நாடாளுமன்றத்தை நாடினார்.

ஹேம்ஸ்டெட் மக்கள் வெகுண்டெழுந்தனர். அவர்களுக்குப் படைக்கலமாய் அமைந்தது ஒரு பழைய வழக்கம். நிலக்கிழாரின் பதிவேட்டில் பெயர் பெற்ற குடிகள், ஹீத்தில் ஆடுமாடு மேய்க்கவும் புல்லும் மண்ணும் வெட்டி எடுத்துக்கொள்ளவும் தொன்றுதொட்டு உரிமை உடையவர்கள். ஏழை உழவருக்காகத் தோன்றிய இவ்வுரிமையை அந்நாளில் முன்னிறுத்தியவர்களுள் பலர் மாடு மேய்த்து அறியாத செல்வர்களே. தம் வீட்டுச் சாளரத்தின் எழில் கெடலாகாது என்னும் தன்னலமும் அவர்கள் எதிர்ப்பில் கலந்திருந்தது. சர் தாமஸ் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஹீத்தை விலக்கி, அதனை அடுத்த தம் பண்ணை நிலத்திற்கு மட்டும் இசைவு கேட்டபோதும் அவர் முயற்சி தடுக்கப்பட்டது. வீடுகள் வருமென்று நம்பி 1840களில் அவர் எழுப்பிய செங்கற்பாலம் இன்றும் ஒரு குளத்தின்மேல் நிற்கின்றது. அப்பாலத்தைக் கடந்து செல்ல அங்கு ஒரு மாளிகையும் எழவில்லை.

நாற்பதாண்டுக் காலம் நீடித்தது இப்பூசல். பொதுநிலங்களைக் காக்கும் சங்கம் ஒன்று 1865இல் இலண்டனில் தோன்றியது. மறு ஆண்டில், வங்கியாளர் கர்னி ஹோர் குடிகளின் சார்பில் வழக்குத் தொடுத்தார். சர் தாமஸோ ஹீத்தின் மணலை வெட்டி விற்கத் தலைப்பட்டார். தீர்ப்பு வருமுன் 1869இல் அவர் மறைந்தார். அவர் தம்பி சர் ஜான் இணக்கத்தை விரும்பினார். 1871இல், ஏறத்தாழ 220 ஏக்கர் நிலத்தின் உரிமை 45,000 பவுனுக்கு மாநகரப் பணிக்குழுவின் கைக்கு வந்தது. ஹீத்தில் வேலியிடலாகாது, கட்டடம் எழுப்பலாகாது, அதன் இயற்கைத் தோற்றத்தைப் பேணவேண்டும் என அவ்வாண்டுச் சட்டம் வரையறுத்தது.

எஞ்சிய நிலம் பின்னரே சேர்ந்தது. 1889இல் பார்லிமெண்ட் குன்றும் சர் தாமஸின் பாலம் நின்ற பண்ணையும் ஹீத்தோடு இணைந்தன. விலை மூன்று இலட்சம் பவுன் அளவினது. பொதுப்பணத்தோடு மக்கள் நன்கொடையும் அதில் அடங்கும். ஆக்டேவியா ஹில் அம்மையார் அம்முயற்சியில் பெரும்பங்கு கொண்டார். 1907இல் சுரங்க இரயில் கோல்டர்ஸ் கிரீன் வரை நீண்டது. வீடுகள் பெருகுமென உணர்ந்து, மேலும் 80 ஏக்கரைக் காக்க முன்னரே கிளர்ச்சியைத் தொடங்கிவிட்டார் ஹென்ரியட்டா பார்னட் அம்மையார். அதில் வெற்றியும் கண்டார்.

நிலம் பொதுவுடைமை ஆனபின் அச்சம் வேறு திசையிலிருந்து வந்தது. பொறுப்பேற்ற ஆட்சியினர், காட்டுப்புதரை வெட்டித் திருத்தி ஹீத்தை நகரப் பூங்காவாக்க முனைவதாகக் குறை எழுந்தது. அதனால் 1897இல் ஊரார் தமக்கென ஒரு பாதுகாப்புச் சங்கம் கண்டனர். 1989 முதல் ஹீத்தைப் பேணிவருவது இலண்டன் சிட்டி மாநகராட்சி. வெள்ள அச்சத்தால் அது குளக்கரைகளை உயர்த்த முற்பட்டபோது, அதே சங்கம் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி நீதிமன்றம் ஏறியது. 2014இல் தீர்ப்பு சங்கத்திற்கு எதிராக அமைந்தது. அடுத்த ஆண்டில் தொடங்கிய கரைப்பணிகள் 2016இல் நிறைவுற்றன.