ஊடக மையப் பின்னணிப் படிமம்

ஊடக மையப் பின்னணிப் படிமம் என்பது, திரைப்படம், இசை, ஒளிப்படம் முதலியவற்றைத் தொலைக்காட்சித் திரையில் ஒரே இடைமுகத்திலிருந்து இயக்க உதவும் ஊடக மைய மென்பொருளில், பட்டியல்களுக்குப் பின்னால் திரை முழுவதையும் நிரப்பிக் காட்டப்படும் படிமம் ஆகும். பயனர் ஒரு பட்டியலிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்போது பின்னணியும் மாறுகிறது. அம்மாற்றம் தடங்கலின்றி நிகழ்வது படிமத்தின் கோப்பு வடிவத்தையும் அதன் அளவையும் பொறுத்தது. பயனரின் கவனம் வடிவத்தின் மீதே செல்வது வழக்கமாயினும், பெரும்பாலான தடங்கல்களுக்கு அளவே காரணமாகும்.

பின்புலம்

ஊடக மைய மென்பொருள்களுள் பரவலாக அறியப்பட்ட கோடி, 2002 ஆம் ஆண்டில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்கான ஓர் இயக்கியாகத் தொடங்கியது. பின்னர் எக்ஸ்பிஎம்சி என வழங்கப்பட்டு, 2014 இல் இப்போதைய பெயரைப் பெற்றது. எக்ஸ்பாக்ஸ் கருவியின் மொத்த நினைவகம் 64 மெகாபைட்டு மட்டுமே. 2012 இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை சிறுகணினியின் முதல் பதிப்பிலும் 256 மெகாபைட்டே இருந்தது. அதையும் மையச் செயலகமும் வரைவியல் செயலகமும் பகிர்ந்துகொண்டன. மைக்ரோசாப்டின் விண்டோசு ஊடக மையம் 2002 இல் அறிமுகமாகி, 2015 இல் வெளியான விண்டோசு 10 உடன் கைவிடப்பட்டது. மேசைக்கணினியில் தெரியாத சுமை இத்தகைய சிறு கருவிகளில் உடனே தெரிந்துவிடும். எனவே பின்னணிப் படிமம் பற்றிய பேச்சு பெரிதும் இவற்றைச் சார்ந்தே எழுந்தது.

வட்டில் உள்ள அளவும் நினைவகத்தில் உள்ள அளவும்

வட்டில் உள்ள படிமக் கோப்பு சுருக்கப்பட்ட நிலையில் இருப்பது. அதைத் திரையில் காட்டுவதற்கு முன் மென்பொருள் அதனை முழுமையாக விரிக்க வேண்டும். விரிந்த நிலையில், பிக்சல் எனப்படும் ஒவ்வொரு படவணுவுக்கும் வழக்கமாக 4 பைட்டுகள் தேவைப்படுகின்றன. அதன்பின் எந்த வடிவத்திலிருந்து வந்தது என்பதற்கு நினைவகத்தில் பொருளில்லை.

எடுத்துக்காட்டாக, சென்னைக்கு மேற்கே அரக்கோணம் தொடருந்துப் பாதையில் அமைந்துள்ள திருநின்றவூரின் பக்தவத்சலப் பெருமாள் கோயிலை ஒருவர் 4000×3000 படவணுக்கள் கொண்ட ஒளிப்படமாக எடுத்து, அதை அப்படியே பின்னணியாக வைப்பதாகக் கொள்ளலாம். வட்டில் சில மெகாபைட்டுகளே உள்ள அக்கோப்பு, விரிந்ததும் 4 கோடியே 80 இலட்சம் பைட்டுகளாகிறது. எக்ஸ்பாக்ஸ் போன்ற கருவியின் நினைவகத்தில் பெரும்பகுதியை அந்த ஒரு படமே விழுங்கிவிடும். அதே படத்தை 1920×1080 அளவுக்குக் குறைத்தால் ஏறத்தாழ 83 இலட்சம் பைட்டுகள் போதும். முழு உயர்வரையறைத் திரையில் இரண்டிற்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கிடையாது. திரையில் உள்ள படவணுக்களின் எண்ணிக்கைக்கு மேல் அது எதையும் காட்டாது. 3840×2160 திரைக்கு ஏறத்தாழ 3 கோடியே 32 இலட்சம் பைட்டுகள் தேவை.

ஒரு பின்னணி மங்கி மற்றொன்று தோன்றும் மாற்றத்தின்போது இரு படிமங்களும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருக்க வேண்டியிருப்பதால் தேவை இரட்டிக்கிறது. மேலும், நொடிக்கு 60 சட்டங்கள் வரையப்படும் இடைமுகத்தில் ஒரு சட்டத்திற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. படிமத்தை வரைவியல் செயலகத்திற்கு அனுப்பும் பணி இதைத் தாண்டினால் பட்டியல் நின்று நின்று நகரும். முதல் ராஸ்பெர்ரி பையின் வரைவியல் செயலகம், ஒரு பக்கத்திற்கு 2048 படவணுக்களுக்கு மேற்பட்ட படிமத்தைத் தனித்துண்டாக ஏற்பதில்லை.

வடிவங்களின் பொருத்தம்

ஒளிப்படங்களுக்கு ஏற்றது 1992 இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் வடிவமாகும். இது இழப்புள்ள சுருக்கம். படத்தை 8×8 படவணுக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் குறைக்கிறது. நிறத் தகவல் பல வேளைகளில் ஒளிர்வைவிடக் குறைந்த செறிவில், நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சேமிக்கப்படுகிறது. வானம், மரம், கருங்கல் போன்றவற்றில் இது தெரிவதில்லை. கோயில் மதில்களில் தீட்டப்படும் செங்காவி, வெள்ளைப் பட்டைகளின் ஓரங்களிலோ நிறம் கசிந்தது போன்று தோன்றலாம். அத்தகைய படத்திற்கு நிறச்செறிவைக் குறைக்காத அமைப்பைத் தெரிவு செய்வது நலம். படிப்படியாகத் தெளிவுறும் வகை ஜேபெக் வலைப்பக்கங்களுக்கு ஏற்றது. விரிப்பதற்குக் கூடுதல் நினைவகமும் நேரமும் பிடிப்பதால் ஊடக மையத்திற்கு அதனால் பயனில்லை.

பிஎன்ஜி 1996 இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. இழப்பற்ற சுருக்கமும் ஒளிபுகு தன்மையும் இதன் சிறப்புகள். கோலம், சின்னம், எழுத்து, ஒரே நிறப் பரப்பு ஆகியவற்றை இது சிறிய கோப்பாகவும் கூர்மையாகவும் தரும். ஒளிப்படத்தைப் பிஎன்ஜி ஆக்கினால் கோப்பு பன்மடங்கு பெருக்கிறது. நினைவக அட்டையிலிருந்தோ கம்பியில்லா வலையமைப்பு வழியாகவோ படிக்கும் கருவியில் இது நேரடியான தாமதமாகும். "பிஎன்ஜி தரமானது, எனவே எல்லாப் படங்களையும் அதற்கு மாற்றுக" எனும் அறிவுரை இதனாலேயே பிழையானது. ஏற்கனவே ஜேபெக்கில் இழந்த விவரம் பிஎன்ஜி ஆக்குவதால் மீள்வதில்லை.

1987 இல் வந்த ஜிஃப் வடிவத்தின் ஒரு சட்டத்தில் பொதுவாக 256 நிறங்களே உண்டு. மாலை வானத்தின் மெல்லிய நிறமாற்றம் அதில் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். சுருக்கப்படாத பிஎம்பி வடிவத்தை விரிக்கும் வேலை குறைவு. ஆயினும் 1920×1080 படத்திற்கு 62 இலட்சம் பைட்டுகளை வட்டிலிருந்து படிக்க வேண்டும். டிஃப் ஆவணக் காப்பிற்குரியது. கூகுளின் வெப்பி (2010), அலைபேசிகள் பயன்படுத்தும் எச்இஐசி ஆகியவை சிறிய கோப்புகளைத் தருகின்றன. பழைய பெட்டிகள் பல அவற்றைத் திறப்பதில்லை.

மென்பொருளின் இடைச்சேமிப்பு

கோடி மென்பொருள், தொகுப்பில் உள்ள படிமங்களை முதன்முறை காட்டும்போது அளவு குறைத்துத் தன் இடைச்சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. இயல்பமைப்பில் பின்னணிப் படங்களுக்கு 1080, பிற படங்களுக்கு 720 என்னும் உச்சவரம்பு உண்டு. ஆகவே முதல்முறை தயங்கிய பட்டியல் மறுமுறை விரைவாக நகர்வது இயல்பே. அதைப் பழுதென்று கருத வேண்டியதில்லை. ஒளிபுகு தன்மை உள்ள படிமங்கள் பிஎன்ஜி ஆகவும், ஏனையவை ஜேபெக் ஆகவும் சேமிக்கப்படுகின்றன. எங்கும் ஒளிபுகாத ஒளிப்படத்தைத் தேவையின்றி ஒளிபுகு தடத்துடன் சேமிப்பவர், அறியாமலே பெரிய இடைச்சேமிப்புக் கோப்பை உருவாக்குகிறார்.

ஸ்கின் எனப்படும் தோற்றப் பொதிகளுடன் வரும் சின்னங்களும் பின்னணிகளும் ஒரே பொதிக்கோப்பாக முன்கூட்டியே கட்டப்படுகின்றன. நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளைத் தனித்தனியே திறக்கும் வேலை இதனால் மிச்சமாகிறது.

மூலப்படத்தின் பாதுகாப்பு

அளவு குறைக்கும் பணியில் நேரும் பெரும் இழப்பு வேகம் சார்ந்ததன்று. திருமணப் படம், இறந்த பெற்றோரின் படம் போன்றவற்றைப் பின்னணிக்காகச் சுருக்கும் பலர், அதே பெயரில் மூலக்கோப்பின் மீதே சேமித்துவிடுகின்றனர். 4000×3000 படத்தில் 1 கோடியே 20 இலட்சம் படவணுக்கள் உண்டு. 1920×1080 இல் ஏறத்தாழ 21 இலட்சமே. எஞ்சியவற்றை மீட்க வழியில்லை. பின்னாளில் பெரிய அளவில் அச்சிட முனையும்போதே இது தெரியவரும். ஜேபெக் கோப்பை மீண்டும் மீண்டும் திருத்திச் சேமிக்கும்போதும் இழப்பு கூடலாம். எனவே பின்னணிக்குரிய படி தனிக் கோப்புறையில், வேறு பெயரில், மூலப்படத்திலிருந்தே ஒவ்வொரு முறையும் உருவாக்கப்படுகிறது.