சாம்பல் இல்லாத சாம்பல் புதன்

இயேசு உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்திய நாற்பது நாட்களை, ஞாயிறுகளைக் கணக்கில் சேர்க்காமல், நோன்பிலும் மனந்திரும்புதலிலும் கழிக்கும் லெந்து காலம் சாம்பல் புதன்கிழமையில் தொடங்குகிறது. ஆயினும் அமெரிக்காவின் எப்பிஸ்கோப்பல் திருச்சபையில், அதாவது விடுதலைப் போருக்குப் பின் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆளுகையிலிருந்து விலகி 1789இல் தனக்கெனச் சட்டமும் ஜெபப் புத்தகமும் வகுத்துக்கொண்ட ஆங்கிலிக்கன் மரபுச் சபையில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அந்நாளுக்குரிய வழிபாட்டு முறையில் சாம்பலுக்கு இடமில்லை.

இதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1548இல், நெற்றியில் சாம்பலிடுவதையும் குருத்தோலை ஏந்துவதையும் அரசவை தடைசெய்தது. சாம்பல் நீங்கிய இடத்தில், பாவிகளுக்கு எதிரான கடவுளின் சாபங்களைக் குருவானவர் ஒவ்வொன்றாக வாசிக்க, மக்கள் ஆமென் சொல்லும் கடுமையான ஆராதனை ஒன்று பொது ஜெபப் புத்தகத்தில் வந்தமர்ந்தது. 1789ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்பு அந்தச் சாப வாசிப்பையும் கைவிட்டு, அதைச் சார்ந்த மன்றாட்டுகள் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டது. நோன்பு நாட்களின் அட்டவணை அதில் இருந்ததே தவிர, எதை உண்பது, எதை விலக்குவது என்பது அவரவர் மனச்சாட்சிக்கே விடப்பட்டது.

புத்தகம் சொல்லாமல் விட்டதைச் சேகரங்கள் தம் போக்கில் நிரப்பிக்கொண்டன. சேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள உள்ளூர்ச் சபை. அதன் சொத்தையும் வரவுசெலவையும் கவனிப்பதும், குருவானவரை அழைத்து அமர்த்துவதும் சபையார் தேர்ந்தெடுக்கும் வெஸ்ட்ரி என்னும் குழுவின் வேலை என்பதால், உள்ளூரில் புதியதொரு வழக்கம் துளிர்ப்பது அங்கே அரிதன்று. பென்சில்வேனியாவின் லோயர் மெரியனில் புனித யோவான் ஆலயத்து ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் 1877இல் லெந்து நாட்களில் மிஷன் பணிக்காகக் காசு சேர்த்ததிலிருந்து, ஏழை விதவை போட்ட இரண்டு காசுகளை நினைவூட்டும் சிறு அட்டை உண்டியல் நாடெங்கும் பரவியது. இனிப்பை விட்டு மிச்சம் பிடித்த சில்லறை ஈஸ்டர் அன்று ஆலயத்திற்கு வந்து சேர்ந்தது. விட்டதன் பயன் வேறொருவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற பழைய நோன்புக் கருத்துக்கு இதைவிட எளிய வடிவம் கிடைப்பது கடினம்.

நகரங்களிலோ நண்பகல் பிரசங்கம் வேரூன்றியது. பாஸ்டன் நகரின் புகழ்பெற்ற பிரசங்கியார் பிலிப்ஸ் புரூக்ஸ், 1890ஆம் ஆண்டு லெந்தில், நியூயார்க் வால் தெருவின் தலைமாட்டில் நிற்கும் டிரினிட்டி ஆலயத்தில் வணிகர்களுக்கும் அலுவலர்களுக்கும் மதிய இடைவேளையில் பேசினார். டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரின் கல்வாரி ஆலயம் 1923இல் தொடங்கிய லெந்துப் பிரசங்க வரிசை, பிற சபையாரையும், பிற்காலத்தில் யூத ரபீக்களையும்கூட மேடையேற்றியது. கேட்க வந்தவர்களுக்குப் பசியாற்ற, 1928 முதல் சபைப் பெண்கள் ஆலயத்திலேயே வாஃபிள் கடை நடத்தினர். கட்டம் போட்ட இரும்பு அச்சில் சுட்டெடுத்த வாஃபிளின் மேல் இட்ட கோழிக்கறிக் கலவை, மீன் புட்டிங், தக்காளிச் சாற்றை ஜெலட்டினில் உறையவைத்த ஆஸ்பிக் ஆகியவை அங்குப் பெயர்பெற்ற உணவுகள். நோன்புக் காலத்தில் கோழிக்கறி விற்ற சபை என்று நகைப்பது எளிது. ஆனால் விருந்தோம்பலும் தருமமும் நோன்பின் பகுதிகளே என்று கொள்ளும் மரபுக்கு இதில் முரண்பாடு குறைவு.

சாம்பல் திரும்பி வந்தது மெதுவாகவே. கத்தோலிக்கச் சாயல் கொண்ட சில சேகரங்கள் முன்னரே அதைக் கையாண்டிருந்தாலும், அமெரிக்க ஜெபப் புத்தகத்தின் 1892ஆம் ஆண்டுப் பதிப்பு மனந்திரும்புதலுக்கென ஓர் ஆராதனையை மட்டுமே சேர்த்தது. 1979ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சாம்பலிடுதல் இடம்பெற்றது, அதுவும் கட்டாயமாக அன்று, விருப்பத்திற்குட்பட்டதாக. முந்திய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்து எடுத்த சாம்பலைக் குருவானவர் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவையாக இட, அதைத் தொடர்ந்து 51ஆம் சங்கீதமும் நீண்ட பாவ அறிக்கை மன்றாட்டும் வருகின்றன. 2007இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய வழக்கம் ஒன்று, இந்தச் சாம்பலை மட்டும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்கும் ரயில் நிலையத்திற்கும் போய், வேலைக்கு விரைவோர் நெற்றியில் இடுகிறது. மன்றாட்டைப் பிரித்துவிட்டுச் சாம்பலை மட்டும் தருவது முறையன்று என்று குருமார்களிலேயே ஒரு சாரார் வாதிடுகின்றனர். நோன்பிருப்பவர் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்னும் மத்தேயு ஆறாம் அதிகாரமே அந்நாளின் நற்செய்தி வாசகமாக இருப்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை. ஆலயத்திற்கு வராதவர்களைச் சபைதான் தேடிப் போக வேண்டும் என்பது மறுதரப்பினரின் விடை.