தங்கியவர்களும் போனவர்களும்: கட்டுநாயக்கவிலிருந்து பார்க்கையில் ஐரோப்பாவின் சிப் தொழில்

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் என்றதும் இன்று நம் கண்ணில் வருவது ஆடைத் தொழிற்சாலைகளும் அவற்றில் வேலை செய்யும் இளம் பெண்களும்தான். 1980களின் தொடக்கத்தில் இந்த வலயத்துக்கு இன்னொரு பாதையும் திறந்திருந்தது. மோட்டரோலா, ஹரிஸ் கோப்பரேஷன் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் குறைகடத்திச் சிப்களைப் பொருத்திச் சோதிக்கும் ஆலைகளை இங்கே அமைக்க ஒப்பந்தம் செய்திருந்தன. 1983 ஜூலைக்குப் பின்னர் இரண்டுமே விலகிக்கொண்டன. பொருளியலாளர் பிரேமச்சந்திர அத்துக்கோரள தம் ஆய்வுகளில் இதைச் சுட்டியிருக்கிறார். ஆனாலும் நம் பொருளாதார வரலாற்று நூல்களில் இச்சம்பவம் ஓரிரு வரிகளைத் தாண்டுவதில்லை. அந்த ஓரிரு வரிகளைக் கொண்டே ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்றைய சிப் கனவை எடைபோடலாம் என்பது என் வாதம். சிப் தொழில் எங்கே வேரூன்றும் என்பதை அரசு கொடுக்கும் மானியத்தைவிட, அந்தத் தொழிலைக் கற்றவர்கள் ஒரு தலைமுறைக் காலம் ஓரிடத்தில் அச்சமின்றி வாழ முடிகிறதா என்பதே தீர்மானிக்கிறது.

அந்த நிறுவனங்கள் இலங்கையைத் தேடி வந்ததற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. சிங்கப்பூரில் கூலி ஏறிக்கொண்டிருந்தது. இங்கே 1978இல் பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழு அமைக்கப்பட்டு, வரிச்சலுகையோடு கட்டுநாயக்க வலயம் திறக்கப்பட்டது. எழுத்தறிவுள்ள தொழிலாளர் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக விமான நிலையம் வலயத்தின் பக்கத்திலேயே இருந்தது. எடை குறைந்து விலை கூடிய பொருள் சிப். அது கப்பலுக்குக் காத்திருப்பதில்லை. ஆகாய வழியே வந்து, பொருத்தப்பட்டு, ஆகாய வழியே திரும்பிவிடும். 1972இல் இன்டெல் பினாங்கின் பாயான் லெபாசுக்கு வந்ததும் இதே கணக்கில்தான்.

1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு, அவர்களை அடக்கம் செய்யவிருந்த கொழும்பின் பொரளை கனத்தை மயானத்திலிருந்து கலவரம் கிளம்பியது. 25ஆம் திகதி வெள்ளவத்தை காலி வீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. கொட்டாஞ்சேனையில் வீடுகள் எரிந்தன. இரத்மலானையில் தமிழர் நடத்திய தொழிற்சாலைகள் எரிந்தன. கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று அரசு வைத்திருந்த பதிவேடு அந்த வீட்டை எரிக்க வந்தவனுக்கு வழிகாட்டியது. ஒரு முதலீட்டாளரின் கண்ணால் இதைப் பாருங்கள். ஆலையைக் காவல் வைத்துக் காக்கலாம். ஆலைக்கு வேண்டிய பொறியியலாளரும் கணக்காளரும் மேற்பார்வையாளரும் குடியிருந்த தெருக்களை யார் காப்பது? கட்டுநாயக்கவிலிருந்து இருபது மைல் தள்ளி எரிந்தது வெறும் சொத்து அல்ல. ஒரு நகரத்தின் தொழிலறிவில் பெரும் பங்கு அந்த வீடுகளில் இருந்தது.

போருக்கு அஞ்சி மூலதனம் ஓடியது, அவ்வளவுதான் என்று இதற்கு ஒரு எளிய விளக்கம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. இன்டெல் 1974இல் இஸ்ரேலின் ஹைஃபாவில் வடிவமைப்பு நிலையம் திறந்தபோது யோம் கிப்பூர் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. 1991இல் ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்தபோதும் ஜெருசலேம் ஆலையை டோவ் ஃப்ரோமன் மூடாமல் நடத்தினார். அமெரிக்காவில் இன்டெலுக்காக எப்ரோம் நினைவகத்தைக் கண்டுபிடித்துவிட்டு இஸ்ரேலுக்குத் திரும்பி வந்தவர் அவர். அந்த நாட்டின் அரசியலை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. எல்லையில் நடக்கும் போரைத் தாங்கி ஒரு சிப் ஆலை இயங்கலாம். தான் வேலைக்கு வைக்க வேண்டிய மக்களையே வீட்டைவிட்டுத் துரத்தும் நாட்டில் இயங்க முடியாது என்பதற்காகவே சொல்கிறேன்.

துரத்தல் 1983இல் தொடங்கவும் இல்லை. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குள் நுழையச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டியிருந்தது. மொழிவாரியான இந்தத் தரப்படுத்தலின் அரசியல் விளைவுகளைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். அதன் தொழில்நுட்ப விளைவைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. மின்னணுவியல் உலகெங்கும் தலையெடுத்த அதே பத்தாண்டில், மொழியைப் பார்த்துப் பொறியியலாளரைக் குறைத்த நாடு இது.

மலேசியாவிலும் 1969 மே 13 அன்று இனக்கலவரம் நடந்ததே, மூன்றே ஆண்டில் இன்டெல் வரவில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே அந்த வன்முறை மறுபடி நிகழாமல் அரசு பார்த்துக்கொண்டது. பினாங்கின் முதலமைச்சர் லிம் சொங் இயூ நிறுவனங்களைத் தேடித்தேடி அழைத்து வந்தார். உலகில் சிப்களைப் பொதிசெய்து சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 சதவீதம் இன்று மலேசியாவில் நடக்கிறது. ஆனால் அந்தப் படியிலிருந்து மேலே ஏற மலேசியா அரை நூற்றாண்டாகத் திணறுகிறது. இன ஒதுக்கீட்டை விட்டு விலகிச் சிங்கப்பூருக்குப் போன சீன, தமிழ்ப் பொறியியலாளர்களின் தொகையும் அந்தத் திணறலுக்கு ஒரு காரணம் என்றே கருதுகிறேன். மோட்டரோலா போன பின் கட்டுநாயக்கவை நிரப்பிய ஆடைத் தொழிலைப் பாருங்கள். பன்னார் உடன்படிக்கையின் ஏற்றுமதி ஒதுக்கீடு எங்கே கிடைத்ததோ அங்கே வந்த தொழில் அது. தையல் இயந்திரத்தை நாளைக்கே கழற்றிக்கொண்டு போகலாம். நம்பிக்கை குறைந்த மண்ணில் அத்தகைய தொழில்தான் கால் வைக்கும்.

இனி ஐரோப்பா. ஐரோப்பிய சிப் சட்டம் 2023 செப்டம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 43 பில்லியன் யூரோ திரட்டுவது, உலகச் சிப் உற்பத்தியில் சுமார் 10 சதவீதமாக இருக்கும் பங்கை 2030க்குள் 20 ஆக்குவது என்பவை அதன் அறிவிப்புகள். 2025 ஏப்பிரலில் ஐரோப்பியக் கணக்காய்வு நீதிமன்றம் இந்த இலக்கு எட்டப்படுவது மிக அரிது என்று அறிக்கை தந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் சொந்த மதிப்பீட்டின்படியே 2030இல் பங்கு 11.7 சதவீதம்தான். உலகின் முன்னணிச் சிப் உற்பத்தியாளர்கள் 2020 முதல் 2023 வரையான மூன்றே ஆண்டுகளுக்கு ஒதுக்கிய முதலீடு 405 பில்லியன் யூரோ என்றும் அவ்வறிக்கை ஒப்பிட்டுக் காட்டியது. மக்டெபர்க்கில் இன்டெல் ஆலைக்கு ஜேர்மன் அரசு 9.9 பில்லியன் யூரோ தர இசைந்தது. ஆலை 2024இல் தள்ளிவைக்கப்பட்டது. 2025 ஜூலையில் கைவிடப்பட்டது. நம் மோட்டரோலாவைப் போல அதுவும் வராமலே போன ஆலை, காரணம் மட்டும் வேறு: இன்டெலின் சொந்த நெருக்கடி.

இதைக் கொண்டு ஐரோப்பாவுக்கு இத்துறையில் எதிர்காலமே இல்லை என்று முடிவுகட்டுவது பிழை. 1984ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் நெதர்லாந்தில் பிலிப்ஸ், ஏ.எஸ்.எம். நிறுவனங்கள் கூட்டாக ஏ.எஸ்.எம்.எல். என்ற நிறுவனத்தைத் தொடங்கின. அதன் முதல் இடம் ஐந்தோவனில் மழைக்கு ஒழுகும் ஒரு கொட்டகை. அதே ஆண்டில் பெல்ஜியத்தின் லூவன் நகரில் பிளெமிய அரசு சுமார் 70 பேரோடு ஐமெக் ஆய்வு நிலையத்தை நிறுவியது. அதே 1984இல் மொறட்டுவை கட்டுபெத்தவில் நாமும் ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிலையத்துக்குச் சட்டம் இயற்றினோம். முந்தைய இரண்டும் இன்று உலகச் சிப் தொழிலின் முதுகெலும்பு. அதிபுற ஊதாக் கதிரால் சிலிக்கன் தட்டில் வரைகோடு பொறிக்கும் இயந்திரத்தை உலகில் ஏ.எஸ்.எம்.எல். ஒன்றுதான் செய்கிறது. மாதிரி இயந்திரம் 2006இல் ஐமெக் ஆய்வுகூடத்துக்கு வந்தது. பெருந்தொகை உற்பத்தியில் இறங்கியபோது 2019 ஆகியிருந்தது. அவ்வளவு காலமும் ஒளியைத் தெறிக்கும் ஆடிகள் செய்யும் சைஸ், லேசர் செய்யும் ட்ரம்ஃப், லூவனின் ஆய்வாளர் ஆகியோர் ஒருவரையொருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோற்றுத் தோற்றுப் பழகிய கைகள் அதே இடத்தில் இருந்தன. எங்கள் நிலையம் தொடங்கிய ஆண்டிலோ வெள்ளவத்தையின் பொறியியலாளர்கள் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் விசா எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதைவிட ஆழமான சான்று ட்ரெஸ்டன். கிழக்கு ஜேர்மனி பெரும் பொருட்செலவில் அங்கே நுண்மின்னணுவியல் வளர்த்தது. 1988இல் ஒரு மெகாபிட் நினைவகச் சிப்பின் மாதிரியைச் செய்து காட்டியது. சந்தைக்கு அது உதவவில்லை. அடுத்த ஆண்டு சுவர் விழுந்தது, பின்னர் அந்த அரசே இல்லாமற் போனது. பலர் மேற்கே போனாலும் சிலிக்கனைத் தொட்டுப் பழகியவர்களும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஊரில் எஞ்சின. 1990களில் சீமென்சும் ஏ.எம்.டி.யும் அவர்களை நம்பியே ஆலை கட்டின. 2024 ஓகஸ்டில் தாய்வானின் டி.எஸ்.எம்.சி., பொஷ், இன்ஃபினியன், என்.எக்ஸ்.பி. ஆகியவற்றோடு சேர்ந்து அங்கே புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. 10 பில்லியன் யூரோவுக்கு மேற்பட்ட முதலீடு. அதில் 5 பில்லியன் ஜேர்மன் மானியம். அங்கே செய்யப்போவது 28 முதல் 12 நனோமீற்றர் வரையான சிப்கள். உலகின் மிக நுண்ணிய சிப்கள் இல்லைதான், ஆனால் ஐரோப்பாவின் கார்களுக்கும் இயந்திரங்களுக்கும் வேண்டியவை. பெரும் மானியம் வாக்களிக்கப்பட்ட மக்டெபர்க்கில் ஒன்றும் எழவில்லை. முப்பது, நாற்பது ஆண்டுத் தொழிற்பழக்கம் உள்ள ட்ரெஸ்டனில் எழுகிறது. இந்த வேறுபாட்டை 20 சதவீத இலக்கால் விளக்க முடியாது. ஆகவே ஐரோப்பாவின் வாய்ப்பு உற்பத்தி இயந்திரங்களிலும், வாகன, மின்வலுச் சிப்களிலும், ஆய்வுகூடங்களிலும் இருக்கிறது என்பது என் கணிப்பு. பங்கு வீதத்தைத் துரத்துவது வீண்செலவு.

கொழும்பிலிருந்து பார்க்கும் எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஏ.எஸ்.எம்.எல். நெதர்லாந்தில் வைத்திருக்கும் ஊழியர்களில் பத்துக்கு நான்கு பேர் வெளிநாட்டார். 2023 நவம்பர் தேர்தலில் குடியேறிகளுக்கு எதிரான வில்டர்சின் கட்சி முதலிடம் பெற்றதும், அயல்நாட்டு மாணவரையும் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும் பேச்சு அங்கே வலுத்தது. வேண்டிய ஆட்களை இங்கே பெற முடியாவிட்டால் வேறிடத்தில் வளர்வோம் என்று அப்போதைய தலைவர் பீற்றர் வெனிங்க் வெளிப்படையாகவே சொன்னார். 2024 மார்ச்சில் ஐந்தோவன் வட்டாரத்துக்கு 2.5 பில்லியன் யூரோ ஒதுக்கி அரசு அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. ட்ரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்திலும் தீவிர வலதுசாரிகளின் எழுச்சி சிப் நிறுவனங்களை இதே விதமாக அஞ்சவைத்திருக்கிறது. ஐரோப்பாவில் நடப்பதை 1983 ஜூலையோடு சமப்படுத்த நான் வரவில்லை. அது எரிந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால், இவர்கள் நம்மவர் இல்லை என்று ஒரு பகுதி மக்களை ஒதுக்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்பதைக் காலி வீதியில் நடந்து பார்த்தவர்களுக்கு, தேர்தல் மேடையில் அந்தப் பேச்சு எழும்போதே நெஞ்சு பதைக்கும்.

ட்ரெஸ்டன் பல்கலைக்கழக மாணவரை 2024 முதல் டி.எஸ்.எம்.சி. பயிற்சிக்காகத் தாய்வானுக்கு அனுப்பி வருகிறது. ஆலை எழும் முன்பே ஆளை வளர்க்கும் வேலை அது. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் உயர்தரக் கணித வகுப்புகள் இன்றும் இரவு எட்டு மணிவரை நடக்கின்றன. அங்கிருந்து மொறட்டுவையின் மின்னணுவியல் துறைக்குப் போகும் பிள்ளைகளில் பலர், இறுதியாண்டு வரும்போதே கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.