ஐந்து சென்ட் ஞாயிறு – 7: மேயர் போட்ட கையெழுத்து

நியூயார்க்கின் கோனி தீவு பற்றி எரியும்போது சென்ற வாரம் நிறுத்தினோம். 1907 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய கூட்டம் வந்து சேருமுன்பே ஸ்டீபிள்சேஸ் பூங்கா சாம்பலாகிவிட்டது. அதன் முதலாளி ஜார்ஜ் டில்யூ தலையில் கைவைத்து உட்காரவில்லை. எரிந்த இடத்தைப் பார்க்க 10 சென்ட் என்று பலகை எழுதி மாட்டினார். சனம் காசு கொடுத்துச் சாம்பலையும் பார்த்தது. அடுத்த ஆண்டே புதுப் பூங்கா எழுந்தது.

டில்யூவைப் போன்றவர்கள் தீயைச் சமாளித்துவிட்டார்கள். ஆனால் அந்த டிசம்பரில் வந்தது ஞாயிற்றுக் கேளிக்கையையே முடக்கிய நீதிமன்றத் தீர்ப்பு.

நியூயார்க் தொழிலாளிக்கு அன்று வாரம் ஆறு நாள் வேலை. லோயர் ஈஸ்ட் சைடின் அடுக்குக் குடியிருப்புகளில் ஒரே அறைக்குள் சமையல், தூக்கம், தையல் எல்லாம் நடந்தன. பல அறைகளில் வெளிச்சம் எட்டிக்கூடப் பார்க்காது. பகலெல்லாம் ஊசியும் நூலுமாகக் குனிந்திருந்த பெண்ணுக்கு நிமிர்ந்து உட்காரக் கிடைத்தது ஞாயிறு ஒன்றுதான். கோடையில் படகேறிக் கடற்கரைக்குப் போகலாம். பனிக்காலத்தில் எங்கே போவது? நாடகக் கொட்டகை, பாட்டுக் கச்சேரி, புதிதாய் முளைத்த சலனப்படக் கூடம், இவைதான் கதி.

இவற்றை ஞாயிறன்று நடத்தக் கூடாது என்று 1860லேயே நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டிருந்தது. மதுவும் நாடகமுமாக ஞாயிறைக் கொண்டாடிய ஜெர்மன் குடியேறிகளை மனத்தில் வைத்துப் போட்ட சட்டம் அது. குஸ்டாவ் லிண்டன்முல்லர் என்ற கொட்டகைக்காரர் எதிர்த்து வழக்காடினார், 1861இல் தோற்றார். பிறகு சட்டம் ஏட்டில் கிடந்தது. கோமாளிக் கூத்தையும் நகைச்சுவைப் பாட்டையும் ‘புனித இசைக் கச்சேரி’ என்று விளம்பரப்படுத்தி ஞாயிறுதோறும் நடத்தினார்கள். காவல்துறை கண்டும் காணாமல் இருந்தது.

மன்ஹாட்டனின் 42ஆம் தெருவில் ஹேமர்ஸ்டீனின் விக்டோரியா அரங்கம் இருந்தது. ஞாயிறு நிகழ்ச்சிகளால் அதன் உரிமம் வழக்குக்குள்ளானது. 1907 டிசம்பர் முதல் வாரம் நீதிபதி ஜேம்ஸ் ஓகார்மன் தீர்ப்பு வழங்கினார்: ஞாயிறன்று பொதுக் கேளிக்கை சட்டவிரோதம். காவல் ஆணையர் தியோடர் பிங்கம் தம் ஆட்களுக்கு உத்தரவிட்டார். டிசம்பர் 8 அன்று பெரிய அரங்கம் முதல் சந்துமுனைப் படக்கூடம்வரை பூட்டு விழுந்தது. கையில் காசோடு வந்தவர்கள் குளிரில் தெருத்தெருவாக நடந்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

இதில் என் நெஞ்சைச் சுடுவது வேறொன்று. ஞாயிறன்று மது விற்கவும் அந்த ஊரில் தடை இருந்தது. ஆனால் 1896இல் வந்த ரெயின்ஸ் சட்டப்படி, 10 படுக்கையறை வைத்திருக்கும் விடுதி உணவோடு மது தரலாம். உடனே மதுக்கடைகள் மாடியில் அறைகளைத் தடுத்து விடுதிகளாயின. மேசைக்கு ஒரு சாண்ட்விச் வைத்தால் உணவுக்கணக்கு தீர்ந்தது. மதுக்கடைக்குப் பக்கவாசல் திறந்திருந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு படம் பார்க்கப் போன தாய்க்கு எந்த வாசலும் இல்லை. அறத்தின் பெயரால் நடந்த அநீதி இது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பு வலுத்தது. அதே மாதம் நகரசபை விதியைத் தளர்த்தியது. பாட்டு, வாசிப்பு, சொற்பொழிவு நடக்கலாம். நடனமும் வேடமிட்ட நாடகமும் கூடாது. படக்கூடக்காரர்கள் இந்த இடுக்கைப் பிடித்துக்கொண்டார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி விளக்கம் சொல்லவைத்தால் படமும் சொற்பொழிவுதானே!

1908இல் இந்தக் கூடங்கள் மளமளவென்று பெருகின. ‘நிக்கலோடியன்’ என்று பெயர். காலிக் கடையில் நாற்காலி போட்டு, ஒரு முனையில் திரை கட்டினால் போதும். பெரிய நாடக அரங்குக்கு ஆண்டு உரிமம் 500 டாலர். 300 இருக்கைக்குக் குறைந்த படக்கூடம் 25 டாலர் உரிமத்திலேயே நடத்தலாம். நுழைவு ஐந்து சென்ட், காட்சி அரை மணிக்குள். பேசாப் படம் என்பதால் இத்தாலியனுக்கும் ரஷ்ய யூதனுக்கும் ஆங்கிலம் தேவைப்படவில்லை. புதிதாய்க் கப்பலிறங்கியவன் பழைய நியூயார்க்காரனோடு சமமாக உட்கார்ந்து சிரித்த இடம் அது.

ஆபத்தும் இருந்தது, மறைக்கக் கூடாது. அக்காலப் படச்சுருள் ஒரு பொறி பட்டால் குபீரென்று பற்றும். பல கூடங்களில் வெளியேறும் வழி குறுகலானது, காற்றோட்டமும் இல்லை. பாதுகாப்பைக் கேட்டவர்கள் நியாயம் கேட்டார்கள். ஆனால் அவர்களோடு சேர்ந்து மதகுருமார் கேட்டது ஞாயிறை மூடச் சொல்லி.

1908 டிசம்பர் 23. நகர மன்றத்தில் மேயர் ஜார்ஜ் மெக்லெல்லன் முன்னிலையில் விசாரணை. இவர் அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி மெக்லெல்லனின் மகன். குருமார்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து படக்கூடங்களைச் சாடினார்கள். தொழிலாளர் கல்விக்காக உழைத்த பீப்பிள்ஸ் இன்ஸ்டிடியூட்டின் சார்ல்ஸ் ஸ்பிரேக் ஸ்மித், ஏழையின் பொழுதுபோக்கைப் பறிக்காதீர்கள் என்று வாதாடினார்.

மறுநாள் வியாழக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மேயர் கையெழுத்திட்டார். நகரத்தின் சுமார் 550 படக்கூட உரிமங்களும் ஒரே ஆணையில் ரத்து! மீண்டும் உரிமம் வேண்டுமா? ஞாயிறன்று திறக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆண்டிலேயே நல்ல வசூல் தரும் பண்டிகை நாட்கள் கண்முன்னே இருந்தன. கதவைத் திறந்தால் காவல்துறை வரும். எழுதிக் கொடுத்தால் ஞாயிறு போச்சு, கொடுக்காவிட்டால் தொழிலே போச்சு.

இந்த 550 கூடக்காரர்களில் 29 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். ஹங்கேரியில் பிறந்து, கைக்குழந்தையாக நியூயார்க் வந்து, சிறுவயதிலேயே துணித் தொழிலில் உழைத்துத் தேய்ந்தவர். ஞாயிறு யாருடையது என்பது அவருக்குத் தெரியும். பின்னாளில் உலகெங்கும் படத் தொடக்கத்தில் ஒளிர்ந்த பெயர் அவருடையது: வில்லியம் ஃபாக்ஸ். அவர் எழுதிக் கொடுக்க மறுத்தார். மேயரையே நீதிமன்றத்துக்கு இழுக்கத் துணிந்தார். அந்த வழக்கு எந்த நீதிபதியிடம் போனது, என்ன ஆனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)