இரைச்சலை எண்ணப் பிறந்த கலை

கோலார் தங்கவயலின் சுரங்கத்துக்குள் எல்லோரும் தங்கத்துக்காக இறங்கவில்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் இறங்கியது அமைதிக்காக. தரைமட்டத்தில் வைத்த கருவியை காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் தொந்தரவு செய்யும். 2 கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை அந்த இரைச்சலை வடிகட்டிவிடும். ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களோடு சேர்ந்து 1965இல் அவர்கள் வளிமண்டல நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை அங்கே கண்டார்கள்.

சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், உயிர்ச் செல்லுக்குள் எழும் இரைச்சலையே ஆய்வுப்பொருளாக்கிய கட்டுரை ஒன்று அமெரிக்காவில் வந்தது. எழுதியவர்கள் எம்.ஐ.டி. ஆய்வு மாணவர் முகுந்த் தட்டையும் அவருடைய வழிகாட்டி அலெக்சாண்டர் வான் ஔடனார்டனும். தட்டை பின்னர் சேர்ந்த பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம், அதே டாடா நிறுவனத்தின் கிளைதான்.

கேள்வி எளிது. ஒரே டிஎன்ஏ, ஒரே தீனி. ஆனாலும் ஒரு செல்லில் ஒரு புரதம் ஏராளம், பக்கத்துச் செல்லில் சொற்பம். ஏன்? புரதம் செய்யச் சொல்லும் தூது ஆர்என்ஏ ஒரு செல்லில் பெரும்பாலும் சில பிரதிகளே இருக்கும். எண்ணிக்கை குறையக் குறைய தற்செயலின் ஆட்டம் கூடும். ஒவ்வொரு தூது ஆர்என்ஏவும் எத்தனை புரதங்களை உருவாக்குகிறதோ, அதற்கேற்ப இந்த ஏற்றத்தாழ்வும், அதாவது இரைச்சலும், பெருகும் என்று அவர்களுடைய கணக்கு சொன்னது. அடுத்த ஆண்டே பாக்டீரியாவில் சோதித்து அதை உறுதிசெய்தார்கள்.

பாலூட்டிகளின் செல்லில் கணக்கு மட்டும் போதாது. தூது ஆர்என்ஏவைக் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகக் கணித ஆய்வு மாணவர் அர்ஜுன் ராஜ், நெவார்க்கில் சஞ்சய் தியாகியின் ஆய்வகத்தில் இதற்கு வழி கண்டார். ஒரே சிறு வரிசை 32 முறை திரும்ப வரும் மரபணுவைச் சீன வெள்ளெலியின் செல்களுக்குள் புகுத்தினார்கள். அந்த இடங்களில் ஒளிரும் துணுக்குகள் ஒட்டியதும், ஒவ்வொரு தூது ஆர்என்ஏவும் நுண்ணோக்கியில் தனிப் புள்ளியாகத் தெரிந்தது.

2006இல் வெளியான முடிவு இது: மரபணு நாள் முழுக்கச் சீராக வேலை செய்வதில்லை. தெருக்குழாய்த் தண்ணீர்போல, வந்தால் கொட்டும், நின்றால் சொட்டும் இல்லை. குரோமோசோமில் அருகருகே வைத்த இரு மரபணுக்கள் சேர்ந்தே விழித்தன; தள்ளி வைத்தவை தத்தம் போக்கில் விழித்தன. அப்படியானால் விழிக்கவைக்கும் விசை செல் முழுவதிலும் பொதுவாக இல்லை; மரபணு உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சார்ந்தது.

2008இல் முறை எளிதானது. பல குறுந்துணுக்குகளைப் பயன்படுத்தி, செல்லின் சொந்த மரபணுக்களையே எண்ண முடிந்தது. 2017இல் ராஜின் குழு அதைத் தோல் புற்றுநோய்க்குக் கொண்டுபோனது. மருந்து கொடுப்பதற்கு முன்பே, மிகச் சில செல்களில் மட்டும் எதிர்ப்புக்கு உதவும் மரபணுக்கள் தற்காலிகமாகப் பொங்கியிருந்தன. மருந்துக்குத் தப்பியவை அப்படிப்பட்டவை. லட்சக்கணக்கான செல்களை ஒன்றாக அரைத்துச் சராசரி பார்த்திருந்தால், அவை கணக்கிலேயே வந்திருக்காது.