திப்புவின் தேக்கும் போதகர் மகனின் பள்ளிவாசலும்

அவலாஞ்சிக்காரர்கள் எமரால்டு வழியாக ஊட்டிக்கு வந்தால் புனித ஸ்டீபன் ஆலயத்தை ஒருமுறையாவது அண்ணாந்து பார்த்திருப்பார்கள். 1829 ஏப்ரல் 23-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநர் லஷிங்டன். வரைபடம் கேப்டன் அண்டர்வுட்டுடையது. மலை மேல் அவ்வளவு பெரிய உத்தரங்களுக்கு எங்கே போவது? ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் லால் மஹாலைப் பிரித்தெடுத்த தேக்கு மரங்கள் ஊட்டிக்கு ஏறின. யானைகள் இழுத்து வந்ததாகச் சொல்வார்கள்.

சுல்தான் வீட்டு மரம் தேவாலயத்தைத் தாங்குகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சுல்தான் கொடுத்ததல்ல. 1799 மே 4-ல் அவர் கொல்லப்பட்ட பிறகு ஜெயித்தவர்கள் எடுத்துக்கொண்டது. இதை நல்லிணக்கக் கணக்கில் சேர்க்க முடியாது.

சேர்க்கவேண்டியது அவருடைய அப்பா காலத்துச் சங்கதி. 1779-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஹைதர் அலியிடம் போனார் லுத்தரன் போதகர் ஷ்வார்ட்ஸ். ஸ்ரீரங்கப்பட்டினம் கோட்டைக்கு வெளியே கூடாரத்தில் ஜெர்மனிலும் தமிழிலும் ஆராதனை நடத்தினார், யாரும் தடுக்கவில்லை. கிளம்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்தனுப்பிய 300 ரூபாய், பிறகு தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது.

வழிபாட்டுத் தலத்தையே அயல் மதத்துக்காரர் எழுப்பிக் கொடுத்த கதைக்கு இந்தோனேசியா போகவேண்டும். ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசலுக்காக 1955-ல் வடிவமைப்புப் போட்டி நடந்தது. நடுவர் குழுத் தலைவர், அதிபர் சுகர்ணோ. புனைபெயரில் வந்த வரைபடம் ஒன்று ஜெயித்தது. பெயரைப் பிரித்தால், ஃப்ரெடெரிக் சிலபான்: சுமாத்ராவின் பதக் இனத்தவர், புராட்டஸ்டண்ட், போதகர் ஒருவரின் மகன்!

முடிவை யாரும் மாற்றவில்லை. 45 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம், விடுதலை பெற்ற 1945-ஐச் சொல்கிறது. அதைத் தாங்க 12 தூண்கள். இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுக்கு ஐந்து தளங்கள். 1961-ல் அடிக்கல் வைத்த வேலை, அரசியல் கொந்தளிப்பிலும் பணமுடையிலும் இழுத்துக்கொண்டே போய், 1978 பிப்ரவரி 22-ல்தான் திறப்பு விழா கண்டது.

எதிரே தெருவைத் தாண்டினால் கத்தோலிக்கப் பேராலயம். கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களின் வண்டிகள் பள்ளிவாசல் வளாகத்தில் நிற்கும்; பெருநாளன்று பேராலயம் தன் இடத்தைத் திறந்துவிடும். 2017-ல் ரம்ஜான் பெருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தொழுகைக் கூட்டம் கலையட்டும் என்று அன்று காலைத் திருப்பலியையே தள்ளி வைத்தார்கள். இப்போது இரண்டுக்கும் நடுவே தரைக்கடியில் சுரங்கப்பாதை வேறு இருக்கிறது. 2024 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் அதன் வாசலில் நின்று, தலைமை இமாம் நசருதீன் உமரோடு சேர்ந்து ஆசி வழங்கினார்.

(தொடரும்)